யோக ஆசிரியரின் கவனம் எங்கே இருக்க வேண்டும்?

வாசகர் கேள்வி: நான் திருச்சியில் ஒன்பது ஆண்டுகளாக யோகா கற்பிக்கிறேன். வயது 44. காலையில் இரண்டு வகுப்புகள், மாலையில் ஒன்று, இரவில் வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு இணையவழி வகுப்பு. ஒன்றரை ஆண்டாக என் மாமியார் பக்கவாதத்தால் படுக்கையில் இருக்கிறார், நான்தான் பார்த்துக்கொள்கிறேன். வகுப்பில் ‘இந்தக் கணத்தில் இருங்கள்’ என்று சொல்லும்போது என் மனம் அவருக்குக் கொடுக்க வேண்டிய மாத்திரையிலும் கட்ட வேண்டிய வாடகையிலும் இருக்கிறது. வீட்டில் அத்தைக்குச் சோறு ஊட்டும்போது மனம் வகுப்பில் இருக்கிறது. எனக்கென்று பயிற்சி செய்து பல மாதங்கள் ஆகின்றன. செய்து காட்டுவதே பயிற்சிதானே என்று சமாதானம் சொல்லிக்கொள்கிறேன். நான்கு மாதங்களாக இடது தோள்பட்டையில் வலி. முன்பு எளிதாக வந்த ஆசனங்கள் இப்போது வரவில்லை. என் மாணவி ஒருத்தி என்னைவிட நன்றாகச் செய்கிறாள். சொல்வதை நானே வாழவில்லை என்ற குற்றவுணர்வு அரிக்கிறது. கற்பிப்பதை விட்டுவிடலாமா?

அன்புள்ள சகோதரிக்கு,

கற்பிப்பதை விட வேண்டாம். நான்கு வகுப்புகளில் ஒன்றை விடுங்கள். எதை, ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன். அதற்கு முன் உங்கள் கடிதத்தில் இருக்கும் ஒரு வாக்கியத்தைப் பற்றிப் பேச வேண்டும். ‘இந்தக் கணத்தில் இருங்கள்’ என்று மாணவர்களிடம் சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். சென்னையில் முப்பத்திரண்டு ஆண்டுகளாகக் கற்பித்து வரும் நானும் ஒரு காலத்தில் அதை வகுப்புக்கு நான்கு முறை சொன்னவள்தான். இப்போது சொல்வதில்லை. அதற்கு ஒரு மாலை வகுப்பு காரணம்.

அன்று பதினாறு பேர் வந்திருந்தார்கள். தோள்களில் உடலைத் தாங்கிக் கால்களை மேலே உயர்த்தி நிற்கும் சர்வாங்காசனத்தில் அவர்களை நிறுத்தி, கண்களை மூடச் சொல்லிவிட்டு, நிகழ்காலத்தில் வாழ்வதைப் பற்றி நான் உருக்கமாகப் பேசிக்கொண்டிருந்தேன். மூன்றாவது வரிசையில் இருந்த, அறுபதை நெருங்கிய அம்மையார் ஒருவர் முகம் செக்கச் சிவந்து, கழுத்து நரம்புகள் புடைத்து, மூச்சை அடக்கிக்கொண்டு தவித்ததை நான் பார்க்கவில்லை. பக்கத்தில் இருந்த பெண்தான் கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். மெல்ல இறக்கிப் படுக்க வைத்தோம். கண் இருட்டிக்கொண்டு வந்ததாகச் சொன்னார். இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுபவர் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. நல்லவேளையாக அரை மணி நேரத்தில் தெளிந்துவிட்டார். உயர் இரத்த அழுத்தமோ கண் நீர் அழுத்த நோயோ கழுத்தெலும்புத் தேய்மானமோ உள்ளவர்களுக்கு அந்த ஆசனத்தைக் கொடுக்கக் கூடாது. சேரும்போதே கேட்டு எழுதி வைக்காதது என் முதல் தவறு. ஆனால் பல இரவுகள் என்னைத் தூங்கவிடாமல் செய்தது இன்னொன்று. நிகழ்காலத்தைப் பற்றி அவ்வளவு நேரம் பேசிய நான், பத்தடி தூரத்தில் என் கண்ணெதிரே நிகழ்ந்ததைப் பார்க்கவே இல்லை.

அந்த வாக்கியம் பொய் என்று நான் சொல்லவில்லை. கட்டளையாகச் சொல்லும்போது அது பயன் தருவதில்லை என்பதுதான் என் அனுபவம். ‘தூங்கு’ என்று சொன்னால் குழந்தை தூங்குவதில்லை; விளக்கை அணைத்து, முதுகைத் தட்டிக் கொடுத்தால் தூங்குகிறது. மனத்துக்கும் பிடித்துக்கொள்ள ஏதேனும் ஒரு வேலையைக் கொடுத்தால்தான் அது ஓரிடத்தில் நிற்கும். மைசூரில் கற்பித்துவிட்டு 1952-இல் சென்னைக்கு வந்து, இங்கேயே 1989-இல் மறைந்த யோக ஆசான் கிருஷ்ணமாச்சார்யாவின் மரபில் பயின்றவர்களுக்கு அப்படி ஒரு வேலை தெரியும். மூச்சு முதலில் தொடங்க வேண்டும், அதன் பின்னரே உடல் அசைய வேண்டும்; உடல் அசைந்து முடிந்த பிறகும் மூச்சு சற்று மிச்சம் இருக்க வேண்டும். உறைக்குள் கத்தி இருப்பதைப் போல மூச்சுக்குள் அசைவு இருக்க வேண்டும். சொல்வதற்குச் சிறிய விதியாகத் தோன்றும் இதை ஆறு முறை தொடர்ந்து பிழையில்லாமல் செய்து பாருங்கள். நான்காவது முறையில் மனம் வீட்டுக்குப் போனால், கை மூச்சுக்கு முன்னால் எழுந்துவிடும், அல்லது மூச்சு முடிந்த பின்னும் கை இறங்கிக்கொண்டிருக்கும். கவனம் விலகியது உங்களுக்குத் தெரியும். எதிரில் நிற்கும் ஆசிரியருக்கும் தெரியும். ‘கணம்’, ‘இப்பொழுது’ ஆகிய சொற்கள் ஒன்றுகூட இல்லாமல் வேலை நடக்கிறது.

நீங்கள் உங்களையே குறை சொல்லிக்கொள்வதற்கு இன்னொரு வேரும் இருக்கிறது. வரப்போவதை நினைப்பதே யோகத்துக்கு விரோதம் என்று எங்கோ படித்திருக்கிறீர்கள் அல்லது யாரோ சொல்லக் கேட்டிருக்கிறீர்கள் என்று தோன்றுகிறது. பதஞ்சலியின் யோக சூத்திரம் ‘அத’ என்ற சொல்லோடு தொடங்குகிறது. அதை ‘இப்பொழுது’ என்று மொழிபெயர்த்து, நிகழ்காலத் தத்துவம் முழுவதையும் அந்த ஒரு சொல்லின் மேல் கட்டுகிறவர்கள் உண்டு. பழைய உரையாசிரியரான வியாசரோ அதற்கு அவ்வளவு பெரிய பொருள் சொல்லவில்லை. ஒரு பாடம் தொடங்குகிறது என்பதற்கான அடையாளம் என்கிறார். அதே நூல் நினைவை மன அசைவுகள் ஐந்தில் ஒன்றாக வைக்கிறது. ஆனால் அந்த ஐந்தும் துன்பம் தருவனவாகவும் இருக்கலாம், தராதனவாகவும் இருக்கலாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. இரண்டாம் பாதத்தின், அதாவது இரண்டாம் அத்தியாயத்தின், பதினாறாவது சூத்திரம் இன்னும் வெளிப்படையானது: இன்னும் வந்து சேராத துன்பம் தவிர்க்கத்தக்கது. வரப்போவதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளாமல் எவரால் அதைத் தவிர்க்க முடியும்?

ஆகவே கொடுக்க வேண்டிய மாத்திரையை நினைப்பது உங்கள் குறையன்று. படுக்கையில் கிடக்கும் ஒருவர் உங்களை நம்பி இருக்கும்போது அந்த நினைவு வராமல் இருந்தால்தான் நான் கவலைப்படுவேன். அது தவறான இடத்தில், ஒரே வகுப்பில் பத்து முறை வருவதுதான் சிக்கல். அதற்கு மிக எளிய வழி ஒன்று உண்டு. வகுப்புக்குக் கிளம்பும் முன் ஒரு தாளில் எழுதுங்கள்: எந்த மாத்திரை, எத்தனை மணிக்கு, நீங்கள் இல்லாவிட்டால் யார் கொடுப்பார்கள், வாடகைக்கு எவ்வளவு குறைகிறது, அதற்கு எந்தக் கிழமை யாரிடம் பேசப் போகிறீர்கள். எழுதிய தாளைச் சமையலறையில் ஒட்டிவிட்டு வாருங்கள். மறந்துவிடுவோமோ என்ற அச்சத்தால்தான் மனம் ஒன்றையே திரும்பத் திரும்பத் தொட்டுப் பார்க்கிறது. எழுதி வைத்ததை அது அவ்வளவு தொடுவதில்லை.

செய்து காட்டுவதே பயிற்சி என்ற சமாதானத்தை மட்டும் நான் ஏற்க மாட்டேன். இதில் கண்டிப்பாகவே பேசுகிறேன், ஏனென்றால் நல்ல ஆசிரியர்கள் பலர் இதில்தான் உடலைக் கெடுத்துக்கொள்கிறார்கள். நாம் பேசுவது வெளிமூச்சில். வகுப்பு முழுவதும் பேசிக்கொண்டே செய்து காட்டும் ஆசிரியர், சொற்களுக்கு நடுவே கிடைக்கும் இடைவெளியில் அவசரமாகக் காற்றை இழுத்துக்கொண்டு, கையை உயர்த்த வேண்டிய உள்மூச்சின்போது பேசி மூச்சை வெளியே விட்டுக்கொண்டிருக்கிறார். மூச்சும் அசைவும் அங்கே எதிரெதிராக ஓடுகின்றன. போதாததற்கு, நாம் உடலைத் தயார் செய்யாமல் நேராகக் கடினமான நிலைக்குப் போய்க் காட்டுகிறோம், ஒரு பக்கம் மட்டும் காட்டிவிட்டு ‘இதேபோல் மறுபக்கம்’ என்று சொல்லி எழுந்து நடக்கிறோம், அந்த நிலையின் இறுக்கத்தைத் தளர்த்தும் மாற்று ஆசனத்தைச் செய்வதே இல்லை. மாணவர்களுக்கு எதிரே நின்று ‘வலது கையை உயர்த்துங்கள்’ என்னும்போது, கண்ணாடியில் தெரிவதுபோல இருக்கட்டும் என்று நாம் உயர்த்துவது இடது கையை. ஒன்பது ஆண்டுகளில் உங்கள் இடது கை எத்தனை ஆயிரம் முறை முன்னேற்பாடு இல்லாமல் உயர்ந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

உங்கள் வலிக்கு அதுதான் காரணம் என்று கடிதத்தைப் படித்து நான் தீர்மானிக்க முடியாது. எந்த யோக ஆசிரியரும் அப்படித் தீர்மானிக்கக் கூடாது. நாற்பதிலிருந்து அறுபது வயதுக்குள், குறிப்பாகப் பெண்களுக்கு, தோள்மூட்டு இறுகிப் போகும் நோய் வருவதுண்டு. நீரிழிவு இருப்பவர்களுக்கு அது அதிகம். நான்கு மாத வலியை வைத்துக்கொண்டு வகுப்பு எடுத்தது போதும். இந்த வாரமே எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள், சர்க்கரை அளவையும் சேர்த்துப் பாருங்கள், பிசியோதெரபிஸ்ட் சொல்லும் பயிற்சியை முதலில் செய்யுங்கள். படுக்கையில் இருப்பவரைத் தூக்கித் திருப்பிப் படுக்க வைப்பது உங்கள் வேலையாக இருந்தால் அதையும் மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். அவர் அனுமதிக்கும்வரை கையைத் தலைக்கு மேலே கொண்டுபோகும் எதையும், கைகளில் எடை தாங்கும் எதையும், வகுப்பில் காட்டுவதற்காகக்கூடச் செய்யாதீர்கள்.

இனி உங்களுக்கென்று உள்ள பயிற்சி. முன்பு ஒன்றரை மணி நேரம் செய்தவர் நீங்கள் என்று ஊகிக்கிறேன். அதனால்தான் பதினைந்து நிமிடம் உங்கள் கண்ணுக்குப் பயிற்சியாகத் தெரிவதில்லை, அதனால்தான் அதையும் செய்வதில்லை. பயிற்சி உறுதிப்படுவதற்கு நீண்ட காலம், இடைவெளியின்மை, மதிப்புடன் செய்தல் ஆகிய மூன்றைத்தான் பதஞ்சலி கேட்கிறார். ஒரு நாளைக்கு எத்தனை நிமிடம் என்று அவர் கேட்கவில்லை. முதல் வகுப்புக்கு முன்னால் பதினைந்து நிமிடம் போதும். அது கிடைக்காவிட்டால் அத்தை மதியம் உறங்கும் நேரம். அந்த நேரத்தில் வகுப்பில் சொல்லிக் கொடுக்கும் வரிசையைச் செய்யாதீர்கள். செய்தால் இரண்டாவது நிமிடத்திலேயே மனம் ‘இதை இப்படி விளக்கலாம்’ என்று பாடம் நடத்தத் தொடங்கிவிடும். மல்லாந்து படுத்து, முழங்கால்களை வயிற்றை நோக்கிக் கொண்டுவரும் அபானாசனம் ஆறு முறை. கைகளைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு இடுப்பை உயர்த்தி இறக்கும் துவிபாத பீடம் ஆறு முறை. மீண்டும் அபானாசனம். சற்று ஓய்வு. பிறகு முதுகு நிமிர்ந்து உட்கார்ந்து, உள்மூச்சு நான்கு எண்ணிக்கை, வெளிமூச்சு ஆறு எண்ணிக்கை என்று பன்னிரண்டு சுற்றுகள். மூச்சு முட்டினால் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ளலாம், இழுத்துப் பிடிக்க வேண்டாம். எண்ணிக்கை தவறினால் எந்தச் சுற்றில் தவறியதோ அதிலிருந்தே தொடருங்கள். ஒன்றிலிருந்து மீண்டும் தொடங்கினால் அது தண்டனையாகிவிடும்.

யோகத்துக்கு வரும் தடைகள் ஒன்பது என்று யோக சூத்திரத்தின் முதல் பாதத்தில் ஒரு பட்டியல் இருக்கிறது. நோய் அதில் முதலாவது. எட்டிய நிலையில் நிலைத்து நிற்க முடியாமல் போவது கடைசி. நீங்கள் எழுதியிருப்பது இந்த இரண்டையும்தான். இவற்றோடு கூடவே வருபவை என்று அடுத்த சூத்திரம் துன்பத்தையும் மனச்சோர்வையும் உடல் நடுக்கத்தையும் ஒழுங்கற்ற மூச்சையும் சொல்கிறது. எட்டியதை இழப்பது பாதையில் நடப்பவர்களுக்கே நேர்வது என்பதால்தான் அது பட்டியலில் இடம்பெற்றது. எதையும் எட்டாதவர் எதை இழக்க முடியும்? பரிகாரங்களாகச் சொல்லப்படுபவற்றில் மூச்சை நீள வெளியே விடுவதும் ஒன்று. மேலே சொன்ன பன்னிரண்டு சுற்றுகளை அங்கிருந்துதான் எடுத்தேன்.

உங்களைவிட நன்றாகச் செய்யும் மாணவியைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. அவள் உடல் இளமையானது, நீங்கள் நன்றாகக் கற்பித்திருக்கிறீர்கள். வேண்டுமானால் செய்து காட்ட வேண்டிய இடத்தில் அவளையே செய்யச் சொல்லுங்கள். உங்கள் தோளுக்கு ஓய்வு கிடைக்கும், நீங்கள் மற்றவர்களைப் பார்க்கலாம். கிருஷ்ணமாச்சார்யா 1930-களில் மைசூரில் மாணவர்களை வைத்து மக்கள் வியக்கும் ஆசனங்களை நிகழ்த்திக் காட்டியவர். சென்னைக்கு வந்த பிறகு ஒவ்வொருவராக உட்காரவைத்து, அவரவர் வயதுக்கும் நோய்க்கும் மூச்சுக்கும் ஏற்பக் கற்பித்தார். அவருடைய மகன் தேசிகாச்சார் 1976-இல் கிருஷ்ணமாச்சார்ய யோக மந்திரம் என்ற யோக நிலையத்தைத் தொடங்கியது அந்த முறையைக் கொண்டுதான். தொண்ணூறு வயதைக் கடந்த பிறகு இடுப்பெலும்பு முறிந்தபோது, படுக்கையில் இருந்தபடியே செய்யக்கூடிய பயிற்சியைக் கிருஷ்ணமாச்சார்யா தமக்காக வகுத்துக்கொண்டார். அந்தக் கட்டிலைச் சுற்றி நின்ற எவரும் அவரைவிட நன்றாக ஆசனம் செய்திருப்பார்கள்.

விட வேண்டிய வகுப்புக்கு வருகிறேன். இரவு இணையவழி வகுப்பை விடுங்கள். அதிலிருந்து வரும் பணம் முக்கியம் என்று தெரியும். வாடகையைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். உடனே முடியாவிட்டால் வாரத்தில் இரண்டு நாளாகக் குறையுங்கள். நான்கரை மணிக்கு எழுந்து, பகல் முழுவதும் நோயாளியைப் பார்த்துக்கொண்டு, இரவு பத்து மணிக்குத் திரைக்கு முன்னால் சிரித்த முகத்தோடு உட்காரும் ஒருவருக்குக் கவனம் சிதறுவது மன ஒழுக்கத்தின் குறைபாடு இல்லை, தூக்கம் போதவில்லை என்பதன் அறிகுறி. எந்தப் பிராணாயாமமும் தூக்கத்தை ஈடு செய்யாது. உங்கள் கடிதத்தில் கணவரைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அவருடன் பிறந்தவர்கள் இருக்கிறார்களா என்பதும் இல்லை. அத்தை அவர்களுக்கும் அம்மாதான். வாரத்தில் இரண்டு பகல்களை யாராவது பொறுப்பேற்க வேண்டும் என்று கேளுங்கள், அல்லது ஆள் வைக்கும் செலவைப் பகிர்ந்துகொள்ளச் சொல்லுங்கள். கேட்பதற்குக் கூச்சமாக இருக்கும். யோகா ஆசிரியை எதையும் அமைதியாகத் தாங்கிக்கொள்ள வேண்டும் என்று வீட்டில் உள்ளவர்கள் எதிர்பார்ப்பதும், நாமும் அதை நம்பிவிடுவதும் நான் பல குடும்பங்களில் கண்டது. அதை நம்பாதீர்கள்.

வகுப்பறைக்கு ஒரே ஒரு மாற்றத்தை மட்டும் சொல்கிறேன், அந்த அம்மையாரின் நிகழ்ச்சிக்குப் பிறகு நான் தொடங்கியது. ஒரு சிறிய நோட்டுப் புத்தகம். ஒவ்வொரு வகுப்பும் முடிந்த உடனே, விரிப்பைச் சுருட்டும் முன், மூன்று மாணவர்களின் பெயரை எழுதி, அன்று அவரிடம் கண்ட ஒன்றை எழுத வேண்டும். ‘நன்றாகச் செய்தார்’ என்று எழுதக் கூடாது. ‘முன்னால் குனியும்போது தாடையை இறுக்குகிறார்’, ‘இடது குதிகால் தரையில் படவில்லை’, ‘சவாசனத்தில் விரல்கள் துடிக்கின்றன, ஏதோ நடந்திருக்கிறது, நாளை தனியாகக் கேட்க வேண்டும்’ என்பதைப் போல எழுத வேண்டும். முதல் வாரம் எனக்கு ஒருவரைப் பற்றிக்கூட உருப்படியாக எழுத வரவில்லை. நான் அவர்களைப் பார்க்காமலேயே ஆண்டுக் கணக்கில் கற்பித்திருக்கிறேன் என்பது அப்போதுதான் தெரிந்தது. எழுத வேண்டும் என்பதற்காகவே பார்க்கத் தொடங்கினேன். பார்ப்பதற்காகப் பேச்சைக் குறைத்தேன். பேச்சு குறைந்ததும் அவர்களுடைய மூச்சின் ஒலி கேட்கத் தொடங்கியது. அந்த நேரத்தில் வீட்டு நினைவு வந்ததா என்று கேட்டால், வந்தது, போனது. அதை எண்ணிக்கொண்டிருக்க எனக்கு நேரம் இல்லை.

அத்தைக்கு ஊட்டுவதையும் இதே கண்ணோடு பாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். இதை மருத்துவக் காரணத்துக்காகவே சொல்கிறேன். பக்கவாதம் வந்தவர்கள் பலருக்கு விழுங்குவது சிரமம். உணவு மூச்சுக்குழாய்க்குள் போய்விட்டால் நுரையீரலில் தொற்று வரும். நன்றாக நிமிர்த்தி உட்காரவைத்து, சிறிய கரண்டியால் கொடுத்து, தொண்டை அசைந்து இறங்கியதா என்று பார்த்த பிறகே அடுத்த வாய் கொடுக்க வேண்டும். ஊட்டி முடித்ததும் அரை மணி நேரமாவது படுக்க வைக்கக் கூடாது. சாப்பிடும்போது இருமினாலோ குரல் நீர் கோத்ததுபோல மாறினாலோ மருத்துவரிடம் சொல்ல வேண்டும். ஒவ்வொரு வாய்க்கும் தொண்டையைப் பார்க்க வேண்டியிருக்கும்போது மனத்தை வகுப்பிலிருந்து இழுத்து வர நீங்கள் தனியாக முயல வேண்டியதில்லை. அத்தைக்குப் பேச்சு தெளிவாக வராவிட்டாலும், ஊட்டுகிறவர் தன்னைப் பார்க்கிறாரா, தன்னைத் தாண்டி எங்கோ பார்க்கிறாரா என்பது தெரியும்.

மூன்று மாதம் கழித்து அந்த நோட்டுப் புத்தகத்திலிருந்து ஏதாவது ஒரு பக்கத்தை, மாணவர் பெயரை மறைத்துவிட்டு, எனக்கு எழுதி அனுப்புங்கள். தோள்பட்டையைப் பற்றி மருத்துவர் என்ன சொன்னார் என்பதை மட்டும் அதற்கு முன்பே தெரிவியுங்கள்.